அரக்குக் கழிவு

அடகுச் சீட்டில் நிறைக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. மொத்த நிறை ஒன்று, தேறிய நிறை மற்றொன்று. அம்மாவின் சீட்டில் முதற் கட்டத்தில் 29.4 கிராம் என்றும் அடுத்ததில் 16.1 கிராம் என்றும் நீல மையால் எழுதியிருக்கிறார்கள். நடுவே காணாமற்போன 13.3 கிராமுக்குக் கட்டம் கிடையாது. கல் வைத்த நகை என்றால் கல்லுக்குக் கழிப்பார்கள். இது பாம்படம், வளர்த்த காதில் தொங்கவிடும் பழைய நகை என்பதால் உள்ளே இருக்கும் அரக்குக்குக் கழித்திருக்கிறார்கள். அந்தச் சீட்டுக்கு இப்போது எந்தப் பெறுமதியும் இல்லை. 2023 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணியோடு அதன் ஆயுள் முடிந்துவிட்டது. ஆனாலும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. விடைத்தாள் திருத்தச் சிவப்புப் பேனை தேடும்போதெல்லாம் கையில் அகப்படுகிறது. ஒவ்வொரு முறையும் 29.4-இலிருந்து 16.1-ஐக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் மனம் அடுத்த வேலைக்குப் போகிறது. விடை மாறுவதில்லை.

கழிவு என்ற சொல் எங்களுக்குப் புதிதல்ல. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஈரத்துக்கு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். பறித்தது எவ்வளவு என்பது ஒரு கணக்கு, பேரில் விழுந்தது எவ்வளவு என்பது வேறொரு கணக்கு. அப்பாயியின், அதாவது அப்பாவின் அம்மாவுடைய, பாம்படத்தில் இடது காதினுடையதன் கீழ்த்தட்டில் ஒரு சொட்டை இருந்தது. குனிந்து கூடையைத் தூக்கிக் கொடுத்தபோது தராசின் கொக்கி மோதி விழுந்த சொட்டை அது என்று அப்பாயி சொல்வார். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். சிறுவனாக மடியில் படுத்திருக்கும்போது என் விரல் தானாக அங்கேதான் போகும்.

அப்பாயியைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு முதலாம் உலகப் போர்க் காலத்தில் தலைமன்னார் வழியாக வந்தார்கள். சங்கரன்கோவில் பக்கத்துக் குடும்பம். தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு வந்த பிறகுதான் காது வளர்த்தார்களாம். முதலில் பஞ்சுத் திரி, பிறகு ஓலைச் சுருள், அதன் பிறகு ஈயக் குணுக்கு என்று பாரத்தைக் கூட்டிக்கொண்டே போய், தோளைத் தொடும் அளவுக்குக் காது தொங்கியதும் பாம்படம். சதுரம், உருண்டை, தட்டு என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஒரு சின்னக் கோபுரம் போல இருக்கும். பார்த்தால் கனத்த தங்கம் என்று தோன்றும். உண்மையில் மெல்லிய தங்கத் தகட்டைப் பெட்டிபோல் மடித்து, உள்ளே அரக்கை உருக்கி ஊற்றி இறுக வைத்த வேலை. முழுத் தங்கத்தில் செய்தால் காது தாங்காது, குடும்பமும் தாங்காது. கொழுந்துக் கூடையின் கயிறு தலையை அழுத்த, பாம்படங்கள் இரண்டும் தாடையில் மெல்லத் தட்டிக்கொண்டே வரும். தகரம் தட்டுவது போன்ற சத்தம் அல்ல; அரக்கு உள்ளே இருப்பதால் மரத்தில் தட்டுவது போல மந்தமான சத்தம்.

அம்மாவின் காலத்தில் யாரும் காது வளர்க்கவில்லை. வளர்த்திருந்த சிலர்கூட வெட்டித் தைத்துக்கொண்டார்கள். ஆகவே 1989-இல் அப்பாயி கண்ணை மூடியபின் பாம்படம் அணியப்படாத நகையாகிவிட்டது. அணியப்படாத நகைக்கு எங்கள் வீடுகளில் ஒரே வேலைதான். என் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக் காலத்தில் ஒரு தடவை, தங்கையின் கலியாணத்துக்கு ஒரு தடவை, அப்பாவின் கண் அறுவைச் சிகிச்சைக்கு ஒரு தடவை. சின்னச் சின்னதாகத் தீபாவளிக்கு முன்னும் பாடசாலை தொடங்கும் ஜனவரியிலும் எத்தனையோ தடவை. அது டிரங்குப் பெட்டியில் கிடந்த நாட்களைவிட இரும்புப் பெட்டகத்தில் கிடந்த நாட்கள் அதிகம். அப்பாயியே 1974-இல், மாவுக்கும் பாணுக்கும் வரிசையில் நின்ற காலத்தில், தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்த அந்த ஆண்டில், காதிலிருந்து கழற்றி அடகுக் கடைக்குக் கொடுத்துவிட்டு, வெறும் காது தொங்க ஒன்பது மாதம் மலைக்குப் போனாராம். ஆனால் ஒவ்வொரு தடவையும் மீண்டு வந்தது.

2022-இல் மீளவில்லை. நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்த அந்த ஆண்டைப் பற்றி நான் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் 8-ஆம் திகதி மத்திய வங்கி வட்டியை ஒரே மூச்சில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. மே மாதம் அம்மா, தங்கையின் மகன் கட்டார் போவதற்காக, எனக்குச் சொல்லாமல் பாம்படத்தை 160,000 ரூபாவுக்கு அடகு வைத்தார். மூத்த மகனுக்குச் சொன்னால் அவன் கடன்படுவான் என்ற எண்ணம்.

ஏல நாள்

வங்கியின் கடைசி அறிவித்தல் தோட்ட அலுவலகத்தில் இரண்டு வாரம் கிடந்துவிட்டு, செவ்வாய்க்கிழமை அம்மாவின் கைக்கு வந்தது. வியாழக்கிழமை ஏலம். புதன் முழுவதும் அலைந்து, உடன் கற்பிக்கும் இரண்டு பேரிடம் கைமாற்று வாங்கி, 250,000 ரூபா சேர்த்தேன். அதிகாலைப் பஸ் வழியில் நின்றுவிட்டது. நான் படியேறியபோது மணி ஒன்பதே கால். ஒன்பது மணிக்கு மீட்பதற்கான பதிவை மூடிவிட்டார்கள். மேசையில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். “இனி மீட்க முடியாது சேர். விரும்பினால் நீங்களும் ஏலத்தில் கேட்கலாம்” என்றார். நம்முடைய பொருளை நாமே விலைக்குக் கேட்கலாம் என்பதைச் சலுகையாகச் சொல்லும்போது என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. நன்றி என்றேன்.

மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மின்விசிறி, பதினொரு ஆண்கள். எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஆளுக்கொரு சின்ன மின்தராசு, உரைகல், திராவகப் போத்தல். ஏலம் என்றால் ஆளுக்கு ஆள் கூவி விலையை ஏற்றுவார்கள் என்று நினைத்திருந்தேன். அங்கே கூச்சலே இல்லை. ஒருவர் கேட்டால் மற்றவர்கள் சும்மா இருந்தார்கள். அடுத்த பொதிக்கு வேறொருவர். முறை வைத்துக் கேட்கிறார்கள் என்பது புரிய எனக்கு ஏழெட்டுப் பொதி ஆனது. ஒருவருக்கொருவர் போட்டி போடாமல் வாங்கிப் பிறகு தங்களுக்குள் பங்கு போடுவது ஏலங்கள் எவ்வளவு பழையனவோ அவ்வளவு பழைய வழக்கம். பழம்பொருள் ஏலங்களிலும் வியாபாரிகள் இப்படிக் கூட்டுச் சேர்ந்திருக்கிறார்கள். நான் ஒருவன்தான் அந்த அறையில் முறை தெரியாதவன்.

“ஒரு சோடி, பழைய மோஸ்தர் காதணி” என்று அலுவலர் வாசித்தார். பாம்படம் என்று சீட்டில் எழுதவில்லை, யாரும் சொல்லவுமில்லை. தட்டில் வைத்துச் சுற்றுக்கு விட்டார்கள். ஒவ்வொருவரும் எடுத்து, கையில் தூக்கிப் பார்த்து, அரக்கை மனத்துக்குள் கழித்து, அடுத்தவரிடம் கொடுத்தார்கள். என்னிடம் வந்தபோது என் விரல் சொட்டையைத் தேடியது. இருந்தது. ஆரம்பக் கேள்வி 210,000. முறைப்படி அந்தப் பொதி ஓர் ஆசாரியாருக்கு உரியது போலும். அறுபது வயதுக்கு மேற்பட்டவர், நெற்றியில் விபூதி. அவர் கேட்டார். நான் 215,000 என்றேன். பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கேட்டார், நான் கேட்டேன். 240,000-ஐத் தாண்டியதும் அவர் நாற்காலியோடு என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், “இது இருபது கரட்தான் மாஸ்டர். உருக்கினால் சேதாரம் இருக்கிறது. இதற்கு மேல் கேட்டால் உங்களுக்கு நட்டம்” என்றார். நான் மாஸ்டர் என்பதை எப்படிக் கண்டுபிடித்தாரோ. சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பேனையாக இருக்கலாம். 245,000 என்றேன். அவர் 248,000 என்றார். என் கையில் 250,000 இருந்தது. அலுவலர் ஒரு தரம் என்றார், இரண்டு தரம் என்றார். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். 16.1 கிராம், இருபது கரட், இன்றைய பவுண் விலை. அவர் சொல்வது சரிதான், இந்த விலைக்கே வேறு கடையில் புது நகை எடுக்கலாம் என்று மனம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூன்று தரம் ஆகிவிட்டது.

என்னை உறுத்துவது வங்கி அல்ல, பஸ்ஸும் அல்ல. கடைசி நிமிடத்தில் கையில் இரண்டாயிரம் மிச்சம் இருந்தபோது நானும் தேறிய நிறையைத்தான் பார்த்தேன் என்பதே. இருபது வருடமாக வரலாறு படிப்பிக்கிறவன்.

எலுமிச்சம்பழம்

எடை பார்க்காமல் விலை கேட்கத் தெரியாதவன் இல்லை நான். 2019-இல் தோட்டத்து மாரியம்மன் திருவிழா முடிவில் வழக்கம்போல ஏலம் விட்டார்கள். அம்மனுக்குச் சாத்திய சேலை, வாழைத்தார், கும்பத்துத் தேங்காய், கடைசியாகச் சூலத்தில் குத்தியிருந்த எலுமிச்சம்பழம். மனைவியின் தங்கைக்குக் குழந்தை இல்லை. நான் கேட்கத் தொடங்கியதும் தோட்டத்தின் மேல் பிரிவான மேல் கணக்கைச் சேர்ந்த ஒருவர் விடாமல் ஏற்றினார். 9,000 ரூபாவில் எனக்கு விழுந்தது. அந்த எலுமிச்சம்பழம் டவுனில் இருபது ரூபாவுக்குக் கிடைத்திருக்கும். யாரும் என்னிடம், இதற்கு மேல் கேட்டால் நட்டம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடித்திருப்பார்கள். அங்கே விலை பழத்துக்கு அல்ல, அது எங்கே குத்தப்பட்டிருந்தது என்பதற்கு. உலகத்தில் பெரிய ஏல வீடுகள் நடத்தும் தொழிலும் இதே சங்கதிதான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஒரு பொருள் யார் கையில் இருந்தது, எங்கிருந்து எங்கே போனது என்ற கைமாறிய வரலாற்றைத்தான் அவர்கள் விற்கிறார்கள். பொருள் கூடவே போகிறது. எங்கள் கோயில் தலைவருக்கு இது தெரியும். எனக்கு, கோயிலில் நின்றபோது தெரிந்திருந்தது, வங்கி மாடியில் மறந்துவிட்டது.

புரிய வைத்தது ஒரு படம். லண்டனில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் சென்ற ஆண்டு ஒரு ஏலப் பட்டியலின் பக்கத்தை அனுப்பியிருந்தான். கறுப்புத் துணிமேல் ஒரு சோடி பாம்படம். வெளிச்சத்தை ஒரு பக்கத்திலிருந்து விழவைத்து எடுத்த படம். சதுரத்தின் விளிம்பு ஒவ்வொன்றும் கத்தி போல நின்றது. தென்னிந்தியா, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, தங்கத் தகடு, அரக்கு உள்ளீடு என்று குறிப்பு. எத்தனை சென்ரிமீற்றர் உயரம் என்று இருந்தது, யாருடைய சேகரிப்பிலிருந்து வந்தது என்று இருந்தது. நிறை என்று ஒன்றே ஒன்றுதான் போட்டிருந்தார்கள், மொத்த நிறை. தேறிய நிறையைக் காணவில்லை. மதிப்பீட்டு விலை, ரூபாவில் மாற்றிப் பார்த்தால், நான் விட்டுவிட்டு வந்த தொகையின் பல மடங்கு. சுத்தியல் விழுந்த விலைக்கு மேலே, வாங்குபவர் ஏல வீட்டுக்குத் தரகும் கட்ட வேண்டும். அந்தத் தரகுக்கே அம்மாவின் கடன் அடைந்திருக்கும்.

உடனே எழும் கோபத்தை நான் நம்புவதில்லை. அப்பாயியின் பாம்படத்தை லண்டனுக்கு அனுப்பியிருந்தால் அந்த விலை கிடைத்திருக்காது. சொட்டை இருக்கிறது, வேலைப்பாடு சாதாரணம், எந்தச் சேகரிப்பிலிருந்தும் வரவில்லை, ஒரு காகிதமும் இல்லை. காகிதம் என்று எங்களிடம் இருந்தவை அடகுச் சீட்டுகள் மட்டுமே. மீட்கும்போது அவற்றையும் வங்கி வாங்கி வைத்துக்கொள்ளும். கடைசிச் சீட்டு என் கையில் இருப்பதற்குக் காரணமே அது மீட்கப்படவில்லை என்பதுதான்.

எங்கள் மலையிலிருந்து ஏலத்துக்குப் போகும் பொருள்களில் ஒழுங்காகப் பெயரோடு போவது தேயிலை ஒன்றுதான். கொழும்புத் தேயிலை ஏலம் 1883 ஜூலையில் தொடங்கியது. 2020-இல் கொரோனா வந்தபோது கணினிக்கு மாறிக்கொண்டது. பட்டியலில் ஒவ்வொரு பொதிக்கும் தோட்டப் பெயர், தரம், நிறை எல்லாம் உண்டு. எந்த உயரத்தில் விளைந்தது என்பதற்குக்கூட விலை உண்டு. ஊர்ப் பெயரை வைத்துப் பெறுமதி ஏற்றும் வித்தை இந்த மலைகளுக்குத் தெரியாததல்ல. அது தேயிலையோடு நின்றுவிட்டது.

1815-க்குப் பின்

வகுப்பில் கண்டி இராச்சியத்தின் வீழ்ச்சியைப் படிப்பிக்கும்போது இப்போதெல்லாம் ஒரு இடத்தில் என் குரல் தடுமாறுகிறது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரி 18-ஆம் திகதி பிடிபட்டார். மார்ச் 2-ஆம் திகதி, கண்டியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த கண்டி ஒப்பந்தம். மன்னரைக் குடும்பத்தோடு வேலூருக்கு அனுப்பினார்கள். 1832-இல் அங்கேயே இறந்தார். பாடநூல் அத்தோடு விட்டுவிடுகிறது. மன்னர் பிடிபட்டு ஐந்து வருடம் கழித்து, 1820 ஜூன் 13-ஆம் திகதி, கண்டி மன்னரின் ஆபரணங்களை லண்டனில் பட்டியல் அச்சிட்டுப் பகிரங்க ஏலத்தில் விற்றார்கள். ஏலத்துக்குப் போகாமல் அரச மாளிகைக்குப் போன சிம்மாசனமும் கிரீடமும் 1934-இல் திரும்பி வந்தன. கொழும்பு நூதனசாலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன். ராஜாவாக இருந்தாலும் ஏலத்தில் போனது போனதுதான் என்று ஒரு மாணவி அன்று சொன்னாள். நான் சிரித்தேன். அப்போது பாம்படம் அம்மாவின் பெட்டியில் பத்திரமாக இருந்தது.

அந்த மார்ச் 2-ஆம் திகதிக்கு இன்னொரு வேலையும் உண்டு. 1940-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் எதைத் தொல்பொருள் என்கிறது என்று பார்த்தால், 1815 மார்ச் 2-க்கு முற்பட்டது என்று கோடு போட்டிருக்கிறது. நகை, நாணயம், ஆயுதம், எழுத்து, துணி எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால். கோப்பிக்காகக் காட்டை வெட்ட எங்கள் ஆட்கள் வந்தது அதற்குப் பிறகு. ஆக, நாங்கள் கொண்டுவந்ததும் செய்ததும் அணிந்ததும் எதுவும் அந்தச் சட்டத்தின் கண்ணில் பழையதாக முடியாது. இன்னும் முந்நூறு வருடம் ஆனாலும் அப்படித்தான். யாரும் எங்களைக் குறிவைத்து அப்படி எழுதவில்லை. கண்டியை மனத்தில் வைத்து எழுதினார்கள். இருந்தாலும், வாசித்தபோது படியில் ஒன்பதே காலுக்கு ஏறி வந்தவனின் ஞாபகம்தான் வந்தது.

தோட்டத்தைச் சுற்றியிருந்த மற்றப் பொருள்களுக்குப் பழமை சுலபமாக வந்துவிட்டது. துரை காலை நீட்டிப் படுத்திருந்த நீண்ட கைபிடிச் சாய்வு நாற்காலி இன்று பழம்பொருள் கடைகளில் தனிப் பெயரோடு விற்கிறது. துரைமார் தமிழ் கற்பதற்காகக் கொழும்பில் அச்சிட்ட கையேடு ஒன்றின் பெயர் ‘இங்கே வா’. அட்டை கிழியாமல் ஒரு பழைய பிரதி கிடைத்தால் அரிய நூல் சேகரிப்பவர்கள் விடமாட்டார்கள். நான் அதன் பக்கங்களின் படங்களைப் பார்த்திருக்கிறேன். நிரை பிடி, கூடையைக் கொண்டு வா என்ற தோரணையில் என் முன்னோர் காதால் கேட்ட தமிழ் முழுதும் ஏவல் வினைமுற்றாக அடுக்கியிருக்கிறது. அதே 19-ஆம் நூற்றாண்டில், 1869-இல், ஆபிரகாம் ஜோசப் கோப்பிக் கிருஷிக் கும்மி எழுதினார். அதை எத்தனை பேர் வீட்டில் வைத்திருக்கிறோம் என்று கேட்டால் தலை குனிய வேண்டும். என் வீட்டில் இல்லை.

2023, மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்ததன் 200-ஆவது ஆண்டு. தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் புறப்பட்டது எங்கள் ஏலம் நடந்த அதே ஜூலையில்தான். பாடசாலையிலும் ஒரு பழம்பொருள் கண்காட்சி வைத்தோம். வீட்டில் இருக்கும் பழைய பொருள் ஏதாவது கொண்டு வாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். இரண்டு மேசை நிறைந்தது. லாந்தர், அம்மிக்குழவி, உரல், பித்தளைச் செம்பு, கவ்வாத்துக் கத்தி, முள்ளு, மாப்பெட்டி, உடுக்கு, தப்பு, ஒரு கங்காணியின் கோட்டு, கிழிந்த பற்றுச்சீட்டுப் புத்தகம். என் பங்குக்கு நான் கொண்டுபோனது அப்பாயியின் அப்பாவுடைய தகர டிக்கெட். ஆள் கட்டிக்கொண்டு வந்த காலத்தில் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் குத்திக் கழுத்தில் கட்டிவிட்ட தகரம். எங்கள் வீட்டில் அதை யாரும் நினைவுச் சின்னமாகப் போற்றி வைத்திருக்கவில்லை. ஓட்டை இருந்ததால் டிரங்குப் பெட்டிச் சாவியோடு கோத்து வைத்திருந்தார்கள். அதற்கு முன் கொஞ்சக் காலம் பசுமாட்டின் கழுத்தில் கிடந்ததாம். ஆளுக்குப் போட்ட எண் மாட்டுக்கும் பொருந்தியிருக்கிறது.

கண்காட்சி முடிந்து பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் கவனித்தேன். மேசையில் பித்தளை இருந்தது, தகரம் இருந்தது, கல் இருந்தது, மரம் இருந்தது. ஒரு குண்டுமணித் தங்கம் இல்லை, ஒரு வெள்ளித் தண்டை இல்லை. எங்கள் பாட்டிமார் வெறுங்காதோடும் வெறுங்காலோடும் இருந்தவர்கள் அல்லர். பழைய படங்களில் காது நிறைய, மூக்கு நிறைய, கை நிறைய இருக்கிறது. அவ்வளவும் எங்கே என்று யோசித்தால், விலை இருந்தது எல்லாம் விலையாகிவிட்டது. விற்றால் காசு வராத பொருள் மட்டும் மிஞ்சியது. தகர டிக்கெட்டை அடகுக் கடைக்காரர் தொட்டிருந்தால் அதுவும் இன்று இராது. இப்போது அதற்கும் சேகரிப்பவர்கள் வந்துவிட்டார்கள். கண்காட்சிப் படத்தை முகநூலில் பார்த்துவிட்டு ஒருவர் தொலைபேசியில் அழைத்து, தோட்ட எண் தெளிவாகத் தெரிகிறதா, துரு எவ்வளவு என்று விசாரித்தார். தருவதற்கில்லை என்றேன். தங்கத்துக்கு விறைக்காத கழுத்து தகரத்துக்கு விறைத்தது.

ஆசாரியாரின் பட்டறை

லண்டன் படம் வந்த வாரம் ஆசாரியாரைத் தேடிப் போனேன். கடைத்தெருவின் பின்பக்கம், ஆறடிக்கு எட்டடியில் ஒரு பட்டறை. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, பிளேன்டீக்குச் சொல்லி அனுப்பினார். படத்தைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “நல்ல வேலை. மூலை பொருத்தியது தெரியவில்லை பாருங்கள்” என்றார். விலையைச் சொன்னேன். வியப்படைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தொலைபேசியைத் திருப்பித் தந்துவிட்டு, “நான் அன்று சாயந்திரமே வெட்டிவிட்டேன் மாஸ்டர்” என்றார். நான் கேட்க வந்ததே அதுதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. “வைத்திருந்து என்ன செய்வது? காது வளர்த்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்? எனக்கும் வட்டிக்காசு.” குற்றம் சொல்ல முடியவில்லை. என்னைவிட 3,000 ரூபா கூடக் கொடுத்து வாங்கியவர்.

அரக்கு என்ன ஆனது என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை, அந்த 13.3 வாயில் வந்துவிட்டது. அவர் எழுந்து பலகை இடுக்கிலிருந்து ஒரு கட்டையை எடுத்து வந்தார். உள்ளங்கை அகல மரத்துண்டு, அதன் தலையில் கறுஞ்சிவப்பில் அரக்கு அப்பியிருந்தது. செதுக்கு வேலை செய்யும்போது நகை அசையாமல் இருக்க, அரக்கைச் சூடுகாட்டி இளக்கி, நகையை அதில் பதித்து, ஆறி இறுகிய பின் உளி வைப்பார்கள். வேலை முடிந்ததும் மறுபடி சூடுகாட்டி எடுத்துவிடலாம். “பழைய அரக்கு நன்றாகப் பிடிக்கும். இப்போது வருவதில் கலப்படம். உங்களுடையதை இதில்தான் சேர்த்தேன்” என்றார். அரக்கில் ஒரு தோட்டின் பாதி புதைந்திருந்தது. யாருக்கோ தீபாவளிக்குக் கொடுக்க வேண்டியதாம். கட்டையை மூக்கருகே கொண்டுபோனேன். புகையும் மெழுகும் கலந்த வாடை. அப்பாயியின் வாடை ஒன்றும் வரவில்லை. அப்பாயிக்கு வெற்றிலை வாடை.

அம்மாவிடம் பட்டறைக்குப் போனதைச் சொல்லவில்லை. ஏல நாளன்று இரவு அவர் என்னிடம் எவ்வளவுக்குப் போனது என்று கேட்கவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் போனதா, பிரித்துக் கொடுத்தார்களா என்று மட்டும் கேட்டார். ஒரே ஆளிடம்தான், விபூதி பூசிய பெரியவர் என்றேன். அன்றைக்கு அது பொய் இல்லை.

சென்ற மாதம் வீட்டுக்குப் போனபோது லண்டன் படத்தைக் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் தெரியாது என்று போய் எடுத்து வந்து, வாசற்படியில் வெளிச்சத்துக்கு உட்கார்ந்துகொண்டார். பேரன் பழக்கியபடி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். முதலில் வலது, பிறகு இடது. கீழ்த்தட்டுக்கு வந்து நின்றார். “நம்முடையது இல்லை தம்பி, சொட்டையைக் காணோம்” என்றார். நம்முடையது இல்லைதான் என்றேன். கறுப்புத் துணி, பின்னால் நிழல், எல்லாவற்றையும் மறுபடி பார்த்தார்.

“ஆனாலும் சோடி பிரிக்காமல் வைத்திருக்கிறார்களே” என்றார். “நல்ல மனிதர்கள்தான்.”